கிராம சபையில் ஐந்து நிமிடப் பேச்சு: அணிகளை எங்கே, எந்த வரிசையில் சேர்ப்பது?

கிராம சபையில் ஒரு தீர்மானத்துக்கு ஆதரவு கேட்டுப் பேசிய இளைஞர் ஒருவருக்கு இரண்டு முறை கைதட்டு விழுந்தது. அவர் உட்கார்ந்த பிறகு தீர்மானத்தை வாசித்தார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர், "இந்தத் தம்பி இதைத்தான் கேட்டுச்சா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். உயர்ந்த கைகள் மிகச் சில. அந்தப் பேச்சில் மோனைக்கும் எதுகைக்கும் குறைவே இல்லை. அவர் கேட்க வந்த பொருளோடு அவற்றுக்கு உறவுதான் இல்லாமல் போனது. பேச்சுப் பழக வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: உவமை, மோனை போன்ற அணியை முதலில் தேடிப் பிடித்துவிட்டு, கருத்தைப் பிறகு அதற்குள் திணிக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்பற்றும். ஊர்க் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் புதர் மண்டித் தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர்வாரக் கோரும் தீர்மானத்துக்கு ஊராரின் கைகள் உயர வேண்டும். பேசக் கிடைப்பது ஐந்து நிமிடம். அளவுகளும் நிகழ்ச்சிகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கு உங்கள் அளவுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது தீர்மான வாசகம், அதுவும் ஒரே வாக்கியத்தில். யார், எதை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எப்போதைக்குள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 'நீர்நிலைகளைக் காக்க வேண்டும்' என்பது தீர்மானமாகாது; அதற்குக் கை தூக்குவதால் யாருக்கும் எந்த வேலையும் வந்து சேர்வதில்லை என்பதால், எல்லோரும் தூக்குவார்கள், ஒன்றும் நடக்காது.

இரண்டாவதாக, கேட்பதைச் செய்து தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. இதை அறியாமல் ஊராட்சித் தலைவரைப் பார்த்து ஆவேசமாகப் பேசினால், "இது எங்க கையில இல்லையே தம்பி" என்ற ஒரே பதிலில் அத்தனை அணியும் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, சரிபார்க்கத்தக்க ஒரு சான்று. வரத்துக்காலின் புல எண்ணும் (சர்வே எண்), அந்த இடத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தின் நகலில் உள்ள அகலமும், நீங்களே நாடா வைத்து அளந்த இன்றைய அகலமும் போதும்.

நான்காவது, நாள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், தூர்வாரும் கோரிக்கையை மே மாதத்திலோ, மிகத் தாமதம் என்றால் ஆகஸ்டிலோ வைக்க வேண்டும். அக்டோபர் 2 அன்று எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், "மழை முடியட்டும் பார்க்கலாம்" என்ற பதில் நியாயமானதாகவே இருக்கும்.

2. முதல் வரைவை அணி எதுவும் இல்லாமல் எழுதுங்கள்

வெறும் வாக்கியங்களாக, கடிதம் எழுதுவதுபோல் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு அது இப்படி அமையும்:

'கண்மாயின் உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) மண் எடுத்தும் கண்மாய் நிறையவில்லை. காரணம், வரத்துக்கால் தூர்ந்துள்ளது. மழைநீர் பாலத்தருகே திரும்பிச் சாலையில் ஓடி வீணாகிறது. சிலர் கால்வாய்க் கரையில் வாழை வைத்திருப்பதால் அவர்களுக்கு அச்சம் இருக்கிறது. எனவே அளந்து எல்லைக்கல் நட்டு, பாலம் முதல் கண்மாய் வரை ஆடி முடிவதற்குள் தூர்வார வேண்டும்.'

இதை ஊரில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, நான் என்ன கேட்கிறேன் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் பழுது காரண வரிசையில் இருக்கிறது; அதன்மேல் உவமையைப் பூசினால் பழுது மறையுமே தவிரத் தீராது. இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும். தாண்டிய பேச்சு எதுவும் எனக்குத் தேறியதில்லை.

3. கேட்பவர் மனம் நழுவும் இடங்களைக் குறியுங்கள்

வெற்று வரைவின் ஓரத்தில் பென்சிலால் நான்கு குறிகளை இடுங்கள். கேட்பவர் மறந்துவிடக்கூடிய இடம், கண்முன் கொண்டுவர முடியாத இடம், 'அதுக்கு நாம என்ன பண்றது' என்று ஒதுங்கும் இடம், மறுத்து எழக்கூடிய இடம். அணி சேர வேண்டியது இந்த நான்கு இடங்களில் மட்டுமே.

மறக்கும் இடத்துக்குத் திரும்ப வரும் சொல் உதவும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு உவமையும் உள்ளதை உள்ளபடி காட்டும் வருணனையும் உதவும். ஒதுங்கும் இடத்தில் வினா வேண்டும். மறுப்பு எழும் இடத்தில் மறுப்பவரின் சொல்லையே நீங்கள் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். குறி விழாத வாக்கியங்கள் எளிமையாகவே இருக்கட்டும். ஐந்து நிமிடப் பேச்சில் முக்கால் பங்கு அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அணி விழும் இடம் தனித்துத் தெரியாது.

4. உவமை: காரணத்தைச் சுமக்கிறதா என்று பாருங்கள்

'கண்மாய் ஊரின் இதயம், வரத்துக்கால் அதன் ரத்தக்குழாய்' என்று பத்தில் எட்டுப் பேர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். இதில் பிழை இல்லை, பயனும் இல்லை. கண்மாய் முக்கியமானது என்று மட்டும் அது சொல்கிறது. அதை அந்தக் கூட்டத்தில் மறுப்பவர் யாரும் இல்லை. சபைக்கு விளங்காதது வேறு: உள்வாயில் அவ்வளவு மண் எடுத்த பிறகும் கண்மாய் ஏன் நிறையவில்லை என்பதுதான் அது. உவமை அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

ஒரு மாணவி கடைசியில் கண்டுபிடித்த வாக்கியம் இது: "குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வச்சிருக்கோம், குழாய் வாயில துணியை அடைச்சிருக்கோம்." கேட்டவுடன் முன்வரிசையில் தலைகள் அசைந்தன. செய்த வேலை வீண் என்றும், செய்ய வேண்டிய இடம் வேறு என்றும், அதைச் சரிசெய்வது எளிது என்றும் மூன்று கருத்துகள் ஒரே காட்சிக்குள் வந்துவிட்டதே காரணம். இதில் 'போல' என்ற உவம உருபும் இல்லை. உவமையை ஒரு வாக்கியமாகவும் பொருளை மற்றொரு வாக்கியமாகவும் அடுத்தடுத்து வைத்து, இணைக்கும் வேலையைக் கேட்பவரிடம் விடுவதை இலக்கணத்தில் எடுத்துக்காட்டு உவமை என்பார்கள். மேடைக்கு இதுவே நன்கு பொருந்தும். தானே இணைத்த ஒன்றை மனிதர் எளிதில் கைவிடுவதில்லை.

உவமையைக் கேட்பவரின் கைப்பழக்கத்திலிருந்து எடுங்கள். உங்கள் படிப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பேச்சுக்கு ஓர் உவமை போதும். குடத்தை அடுத்து இதயமும், அதை அடுத்துத் தாய்ப்பாலும் வந்தால், மூன்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

உவமை யாரைக் குத்தும் என்பதையும் பார்க்க வேண்டும். கால்வாய்க் கரையில் வாழை வைத்தவர்களைச் 'சீமைக்கருவேலமாக வேரோடியவர்கள்' என்று ஒருவர் சொன்னார். நல்ல கைதட்டு கிடைத்தது. அளக்க ஒத்துழைக்க வேண்டியவர்கள் அந்த வாழைக்காரர்கள்தாம் என்பது அவருக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது.

5. உள்ளது உள்ளபடி: மிகைப்படுத்தலுக்கு மாற்று

'ஊரே பாலைவனமாகிவிட்டது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் கூட்டத்தில் இருப்பவர் ஒவ்வொருவரும் அந்த ஊரிலேயே வாழ்கிறவர். நேற்றுக் காலை கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தவர். ஒரு மிகையை அவர் கண்டுகொண்டால் உங்கள் அளவுகளையும் நம்பமாட்டார்.

அணியிலக்கணம் தன்மை நவிற்சி என்று ஒன்றை வைத்திருக்கிறது: பொருளின் இயல்பை அப்படியே சொல்வது. புதியவர்கள் இதை அணியாகவே எண்ணுவதில்லை. எனக்கோ ஊர்க் கூட்டத்தில் இதைவிட வலிய கருவி வேறு கிடைத்ததில்லை. "போன ஐப்பசியில பாலத்துக்கிட்ட நின்னு பார்த்தேன். தண்ணி பாலம் வரைக்கும் வந்துச்சு. புதர்ல முட்டி, இடது பக்கமாத் திரும்பி ரோட்டு மேல ஓடுச்சு. பிள்ளைங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடம் போச்சுங்க." இதில் உணர்ச்சியை ஏற்றும் பெயரடை ஒன்றுகூட இல்லை. இடமும் பருவமும் திசையும் செருப்பும் இருக்கின்றன. கேட்பவர் தானும் அங்கே நின்றதாக உணர அவை போதும்.

எழுதும்போது பின்பற்ற எளிய விதி ஒன்று உண்டு. 'மிக', 'பெரும்', 'கொடிய' போன்ற சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் அவற்றை அடித்துவிட்டு, கண்ணால் பார்த்த ஒரு பொருளை அங்கே வையுங்கள்.

6. திரும்ப வரும் சொல்: இறுதியில் வையுங்கள், நான்காவதை உடையுங்கள்

சொல்லோ பொருளோ இரண்டுமோ மீண்டும் மீண்டும் வருவதைப் பின்வருநிலை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மேடையில் பேசுபவர் இவற்றின் பெயரை அறிவதைவிட, நம் மொழியில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அறிவது முக்கியம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கேட்பவர் அதுவரை காத்திருக்கிறார். ஆகவே திரும்ப வரும் சொல் வாக்கிய இறுதியில் நின்றால் மத்தள அடி விழுவது மாதிரி இருக்கும்; தொடக்கத்தில் நின்றால், நடுவில் வரும் நீண்ட பெயரெச்சங்களில் அது கரைந்துபோகும்.

"முந்தின வருஷம் உள்வாயில மண் எடுத்தோம்; தண்ணி வரல. போன வருஷம் கரையை உயர்த்தினோம், தண்ணி வரல. மடைக்குப் புது ஷட்டர் போட்டோம், தண்ணி வரல. தண்ணி வர்ற வழியை மட்டும் நாம பார்க்கவே இல்ல."

மூன்று முறை வந்த பிறகு கேட்பவர் நான்காவதையும் தானே சொல்லத் தயாராகிவிடுகிறார். அந்த நேரத்தில் வாக்கியம் வேறு பக்கம் திரும்புவதால் அவர் கவனம் முழுவதும் அங்கே குவிகிறது. உங்கள் முக்கியமான காரணத்தை அந்த நான்காவது இடத்தில் வைக்க வேண்டும். பலர் ஏழு, எட்டு முறை அடுக்குகிறார்கள். ஐந்தாவதில் பின்வரிசை பேசத் தொடங்கிவிடும்.

'கூறியது கூறல்' என்பதை நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதற்கும் இதற்கும் வேறுபாடு என்னவென்று வகுப்பில் கேட்பதுண்டு. ஒவ்வொரு முறையும் சொல்லோடு புதிய செய்தி ஒன்று வந்தால் அது அணி; சொல் மட்டும் வந்தால் குற்றம். மேலே மண், கரை, ஷட்டர் என்று ஒவ்வொரு அடியிலும் ஒரு புதிய செலவு வருகிறது. 'தண்ணி வேணும், தண்ணி வேணும், தண்ணி வேணும்' என்பதில் எதுவும் வருவதில்லை.

7. வினா: பதில் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் கேட்காதீர்கள்

அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று பள்ளியில் படித்த ஆறில், பேச்சாளருக்கு உதவுபவை முதலாவதும் கடைசியும். தனக்கு விடை தெரிந்திருந்தும் கேட்பவர் அதை உணர வேண்டும் என்பதற்காகக் கேட்பது அறிவினா. கேள்வி வடிவில் ஒரு செயலைச் செய்யத் தூண்டுவது ஏவல் வினா.

ஒருவர் உணர்ச்சி பொங்க, "இந்த ஊர்ல தண்ணி வேண்டாம்னு சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். மர நிழலில் சற்றுத் தள்ளாடிக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தூக்கி, "எனக்கு வேணாம்ப்பா" என்றார். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. பேச்சு அதன்பின் எழவே இல்லை. 'ஆம்', 'இல்லை' என்று விடை வரும் வினாவைத் திறந்த கூட்டத்தில் கேட்டால், விடையின் உரிமை கூட்டத்துக்குப் போய்விடுகிறது.

அதற்குப் பதில், ஒவ்வொருவரும் மனத்துக்குள் தேடிப் பார்க்க வேண்டிய வினாவாகக் கேளுங்கள். "பாலத்துல இருந்து கண்மாய் வரைக்கும் வரத்துக்கால் ஓரமா நாம கடைசியா எப்ப நடந்தோம்?" இதற்கு உரக்கச் சொல்லும் விடை இல்லை, ஆனால் யாரும் நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 'நாம' என்ற சொல் பேசுபவரையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்வதால், யாரும் விறைப்பதில்லை. வினாவுக்குப் பின் மூன்று எண்ணும் நேரம் பேசாமல் நில்லுங்கள். புதியவர்கள் அந்த அமைதிக்குப் பயந்து விடையைத் தாங்களே உடனே சொல்லிவிடுகிறார்கள். வினா செய்ய வேண்டிய வேலை அந்த மூன்று நொடியில்தான் நடக்கிறது.

8. மறுப்பை நீங்களே சொல்லுங்கள். சான்றைக் கடைசியில் காட்டுங்கள்

வாழை வைத்திருப்பவருக்கு ஓர் அச்சம் இருக்கிறது. அதை அவர் எழுந்து சொல்லும் முன், அவர் சொல்வதைவிட நன்றாக நீங்கள் சொல்ல வேண்டும். "கரையில வாழை வச்சிருக்கிற அண்ணனுங்க ஒண்ணு கேப்பாங்க. 'அளக்கிறோம்னு வந்து பட்டா நிலத்தையும் சேர்த்து வெட்டிட்டா யாரு பொறுப்பு?' நியாயமான கேள்வி." மறுப்பைக் கேலிக் குரலில் சொன்னால் பகை கூடும். அவர் குரலிலேயே சொன்னால், அவரோடு சேர்ந்து தலையசைக்கக் காத்திருந்தவர்கள் உங்கள் பக்கம் பார்க்கத் தொடங்குவார்கள். அதன்பின் விடை வரலாம்: "அதனாலதான் முதல்ல அளவு, ரெண்டாவது கல்லு, மூணாவதுதான் மண்வெட்டி." முதலில், இரண்டாவது, மூன்றாவது என்று சுருங்க அடுக்குவதால் அச்சத்துக்குரிய செயல் கடைசிக்குத் தள்ளப்பட்டு, பாதுகாப்பு முன்னே நிற்கிறது.

சான்றை எங்கே வைப்பது என்பதில் தமிழில் கிடைக்கும் சிறந்த பாடம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. கண்ணகி சிலம்பை எடுத்த எடுப்பில் உடைக்கவில்லை. தான் யார், எந்த ஊர், கணவன் யார் என்று சொல்கிறாள். பிறகு தன் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்று மட்டும் சொல்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று சொல்வது அரசன். அரசன் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் சிலம்பு உடைகிறது. சரிபார்க்கும் அளவுகோலை எதிர்த்தரப்பே சொல்லிவிட்டதால், உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மணிக்கு மறுப்பே இல்லை.

ஊராட்சிக் கூட்டத்தில் இதையே சிறிய அளவில் செய்யலாம். புலப்பட நகலை நீங்கள் வாசிக்காதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் மதிக்கும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "ஐயா, அகலம் எத்தனைன்னு போட்டிருக்கு?" அவர் 6 மீட்டர் என்று சொன்ன பிறகு, நேற்று நாடா பிடித்த உறுப்பினரைப் பார்த்து, "நேத்து எத்தனை வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் 2 என்று சொல்லட்டும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. (இருவரிடமும் முன்கூட்டியே பேசிவைப்பது அவசியம், கண்ணாடி எடுத்து வராத பெரியவரால் ஒரு முறை நான் பட்டிருக்கிறேன்.)

9. மோனையும் எதுகையும்: ஒரே ஒரு வாக்கியத்துக்கு

ஓசை நயம் உண்மையைக் கூட்டுவதில்லை, நினைவைத்தான் கூட்டுகிறது. எந்த வாக்கியம் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் வாயில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அந்த ஒன்றுக்கு மட்டும் மோனை போடுங்கள். நம் பேச்சில் அது கோரிக்கையை ஒட்டிய வாக்கியம்: "வரத்து வழிவிட்டா வயல் வாழும்." நான்கு சொற்கள், நான்கும் வகரத்தில் தொடங்குகின்றன, நான்கும் அன்றாடம் புழங்குபவை, ஓசைக்காக இழுத்து வந்த சொல் ஒன்றும் இல்லை.

'ஏரு பூட்டிய ஊரு, நீரு கேட்குது பாரு' என்ற வகை அடுக்குமொழி எழுத எளிது, கேட்கவும் ஒரு கிளுகிளுப்பு. ஆனால் அது முடிந்ததும் கேட்பவர் அடுத்த எதுகைக்குக் காத்திருப்பார், அடுத்த காரணத்துக்குக் காத்திருக்கமாட்டார். இப்படி நான்கு வரி வந்துவிட்டால், பேச்சு பாட்டுக் கச்சேரியாகிவிடும். அதற்கு உரிய மரியாதை கைதட்டு, அது கிடைக்கும்.

10. எழுதியதைப் பேசும் தமிழுக்கு மாற்றுங்கள்

எழுதும்போது 'வரவில்லை' என்று எழுதி, மேடையில் 'வரல' என்று சொன்னால் ஓசை அளவு மாறிவிடுகிறது. ஐந்து எழுத்துக்கு அமைத்த அடுக்கு மூன்று எழுத்தில் தடுமாறும். ஆகவே அணி வரும் வாக்கியங்களையாவது நீங்கள் சொல்லப்போகும் வடிவிலேயே எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் செந்தமிழில் பேசுவது தவறென்று நான் சொல்லவில்லை. வீட்டுத் திண்ணையில் உங்களோடு பேசிய அப்பத்தா முன்னால் திடீரென்று 'செவிமடுப்பீர்' என்றால், அவர் உங்களை மாறுவேடப் போட்டியில் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான். தீர்மான வாசகத்தை மட்டும் எழுத்துத் தமிழிலேயே வாசியுங்கள். நடை மாறுவதால், இது பதிவேட்டில் ஏறும் சொல் என்று சபைக்குத் தெரியும்.

11. ஒத்திகையும் ஒலிபெருக்கியும்

ஒலிபெருக்கியில் நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வருகின்றன. அந்தக் கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு 450 சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். கூம்பு ஒலிபெருக்கி கட்டிய திடலில் எதிரொலி இருக்கும். திரும்ப வரும் சொல்லுக்குப் பின் ஒலி திரும்பி வந்து அடங்கும்வரை நிற்காவிட்டால் அடுத்த வாக்கியம் அதன்மேல் ஏறிக் குழம்பும்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரியும். முதல் வாக்கியம், உவமை, வினா, மோனை வாக்கியம் ஆகிய நான்கை மட்டும் மனத்தில் ஏற்றுங்கள். மற்றவற்றுக்கு உள்ளங்கை அளவு அட்டையில் 'ஐப்பசி–பாலம்', 'மண்–கரை–ஷட்டர்', 'வாழை' என்று குறிப்பு போதும்.

ஒத்திகையின்போது ஒருவரை உட்கார வைத்து, முடிந்ததும் எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அவர் குடத்தை மட்டும் சொல்லி, கால்வாயைச் சொல்லவில்லை என்றால், உவமை பொருளை விழுங்கிவிட்டது. உவமையைச் சுருக்கி, அதை அடுத்து வரும் விளக்கத்தை ஒரு வாக்கியம் நீட்டுங்கள்.

12. தொடக்கத்தையும் முடிவையும் வெட்டுங்கள்

பேச்சு அமைந்த பிறகு செய்யும் கடைசி வேலை இது. மேடையில் இருப்பவர் ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. ஐந்தில் அது பெரிய பங்கு. "தலைவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும் தாய்மாருக்கும் வணக்கம்; பேச இடம் கொடுத்ததுக்கு நன்றி" என்று வணக்கத்தையும் நன்றியையும் ஒரே மூச்சில் முன்னாலேயே முடித்துவிட்டு, நேராக ஐப்பசிக்குப் போய்விடுங்கள்.

நன்றியை முன்னால் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று உண்டு. வலுவாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது. கோரிக்கையைச் சொல்லிவிட்டு, அதன்பின் நேரத்தைப் பற்றி வருந்தி, வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி கூறி, ஒரு வாழ்த்தும் சொல்லி விடைபெறும் பேச்சுகள் இப்படித்தான் தேய்கின்றன. கை தூக்கத் தயாராக இருந்தவர் அந்த இடைவெளியில் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

முடிவின் வரிசை இப்படி இருக்கட்டும்: அகல அளவு இருவர் வாயிலிருந்தும் வருகிறது, நீங்கள் ஒரு நொடி நிற்கிறீர்கள், "வரத்து வழிவிட்டா வயல் வாழும்" என்று ஒரே முறை சொல்கிறீர்கள், அட்டையை மடித்துவிட்டுத் தாளை எடுத்துத் தீர்மான வாசகத்தை நிறுத்தி வாசிக்கிறீர்கள், "சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்கிறீர்கள். கைகள் உயர்ந்திருக்கும்போதே அந்தத் தாளை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் அதே வாசகம் ஏறும்வரை அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.